நடந்து போனால் நான்கு ஆண்டுகள்



இம்முறை ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். என்னை அறிந்தவர்கள் வியப்படையக்கூடும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில், பிள்ளைகளைக் கணினி விளையாட்டிலிருந்து மீட்பது எப்படி என்று அரை மணி நேரம் முழங்கியவள் நான். அன்று பேசியவற்றில் பெரும்பாலானவற்றை இன்றும் நம்புகிறேன். ஆயினும், நான் செய்த ஒரு தவற்றை எனக்கு எடுத்துக்காட்டியது ஒரு கணினி விளையாட்டுதான். பிறர் தவற்றுக்குச் சிவப்பு மையால் வட்டமிடுவதையே தொழிலாகக் கொண்டவள், தன் தவற்றை மட்டும் மறைத்து வைப்பது முறையன்று. எனவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறை. வெளியே நல்ல மழை. அடுப்படியில் அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். படிவம் மூன்றில் பயிலும் என் மகன் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். அந்தப் பக்கமாக வந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"ஏம்பா, நல்ல நாளு அதுவுமா வீட்டுக்குள்ள எலும்புக்கூடா?"

அதட்டி மூடச் சொல்லலாம் என்றுதான் போனேன். திரையில் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த ஓர் எலும்புக்கூடு அலுவலக மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தது. எதிரே அப்போதுதான் இறந்து வந்த ஒருவர். அவர் பெயர் செல்சோ. மேசைக்குப் பின்னால் இருப்பவர் பயண முகவர். இறந்தவர்களை மறுமைக்கு அனுப்பி வைப்பது அவர் வேலை. வாழ்ந்த காலத்தில் செய்த நன்மைக்கு ஏற்றவாறு பயணம் அமையும். மிக நல்லவர்களுக்கு விரைவு இரயில். நான்கே நிமிடத்தில் போய்ச் சேரலாம். மற்றவர்கள் நடக்க வேண்டும். நடந்தால் நான்கு ஆண்டுகள் ஆகும். இரயிலுக்கோ வேறு வாகனத்துக்கோ செல்சோவுக்குத் தகுதியில்லை. கடைசியில் பயண முகவர் அவருக்கு ஒரு கைத்தடியைக் கொடுத்து, அதன் பிடியில் திசைகாட்டி உண்டு என்பதை ஏதோ பெரிய சலுகையைப் போல எடுத்துரைக்கிறார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அரசாங்க அலுவலகங்களில் எண் சீட்டு எடுத்துக் காத்திருந்த யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது.

அடுத்த கணமே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மறுமைக்கு நடந்து போகும் ஒரு மனிதரைப் பற்றி அவ்வாண்டில் நான் முன்பே படித்திருந்தேன். படித்து, அதற்குச் சிவப்பு மையால் வட்டமும் போட்டிருந்தேன்.

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கவின் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவன்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் அவன் தந்தை மாரடைப்பால் காலமானார். ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்தவன் முன்பு போலவே வீட்டுப்பாடம் செய்தான், திடலில் ஓடினான். 'பிள்ளை தேறிவிட்டான்' என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொண்டோம்.

இரண்டு மாதங்கள் கழித்து, தன்கதை எழுதப் பணித்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தன்கதையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 'நான் ஒரு மிதிவண்டி', 'நான் ஒரு காலணி', 'நான் ஒரு புத்தகப்பை' எனத் தலைப்பு எதுவாயினும் கதை ஒன்றே. ஒரு தொழிற்சாலையில் பிறப்பேன். கடையில் காட்சிக்கு வைக்கப்படுவேன். ஒருவர் என்னை விலை கொடுத்து வாங்குவார். அவருக்கு உண்மையாக உழைப்பேன். பிறகு பழுதடைந்து குப்பைத்தொட்டியில் கிடந்தபடி என் கதையைச் சொல்லி முடிப்பேன். இந்த நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் இதுவரை எழுதப்பட்ட தன்கதைகளில் வரும் பொருள்களை எல்லாம் கொட்டுவதற்குக் குப்பைத்தொட்டிகள் போதா.

கவின் 'நான் ஒரு மோட்டார் சைக்கிள்' என்று எழுதியிருந்தான். தொழிற்சாலையும் இல்லை, கடையும் இல்லை. முதல் வரியிலேயே முதலாளி இறந்துவிட்டார். நினைவில் உள்ளதைக் கூறுகிறேன். முதலாளி இறந்த பின் அந்தக் கப்சாய் மோட்டார் வீட்டு வாசலில் நிற்கிறது. ஒரு நாள் இரவு திருடன் வருகிறான். எத்தனை முறை உதைத்தும் அது கிளம்பவில்லை. 'மூன்றாவது உதையின் இரகசியம் என் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும்' என்கிறது மோட்டார். திருடன் அதைத் திட்டிவிட்டுப் போகிறான். பிறகு மோட்டார் தனக்குத்தானே பேசிக்கொள்கிறது: 'முதலாளி சொர்க்கத்திற்கு நடந்துதான் போயிருப்பார். வழியில் பெட்ரோல் நிலையம் இல்லை போலும். அதனால்தான் என்னை விட்டுவிட்டுப் போனார். கடைக்குப் போவதற்கே என்னை எடுப்பவர். பாவம், கால் வலிக்கும்.'

அந்த இடத்தில்தான் வட்டமிட்டேன். ஓரத்தில் 'இறப்பைக் கேலி செய்தல் கூடாது. திருத்தி எழுதுக' என்று எழுதினேன்.

அவன் திருத்தி எழுதினான். தொழிற்சாலையில் பிறந்து, கடையில் நின்று, உழைத்து, இறுதியில் பழைய இரும்புக் கடையில் முடிந்த ஒரு மோட்டார் சைக்கிள். எழுத்துப் பிழை இரண்டே இரண்டு. 'மிக நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிள்ளையைச் சரியான பாதைக்குக் கொண்டு வந்துவிட்டதாக எனக்கொரு நிறைவு.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். ஒரு காரணம் பழக்கம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் பயின்ற காலத்தில், சிறுவர் கட்டுரையில் மங்கலமான சொற்களே வர வேண்டும், நல்ல சிந்தனையோடு முடிய வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அதையே நானும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடைப்பிடித்து வந்தேன்.

மற்றொரு காரணம் எனக்குள்ளேயே இருந்தது. என் அப்பா 2021ஆம் ஆண்டு சூலை மாதத்தில் காலமானார். நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பில் இருந்த நேரம். வாசலில் கூடாரம் போடவில்லை. இரவு முழுவதும் விழித்திருந்து சீட்டாடும் ஆண்கள் இல்லை. பெரிய கெண்டியில் வற்றாமல் வரும் காப்பி இல்லை. நம் சாவு வீடுகளில் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் ஒன்று நடக்குமே, அதுவும் இல்லை. அழுது ஓய்ந்தவர்கள் மெல்ல இறந்தவரைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்குவார்கள். அவர் கடன் வாங்கிய கதை, பாம்பென்று கயிற்றை அடித்த கதை, பெண் பார்க்கப் போன இடத்தில் நாற்காலி உடைந்த கதை. பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்தே அனைவரும் சிரிப்பார்கள். பிறகு மறுபடி அழுவார்கள். என் அப்பாவுக்கு அது வாய்க்கவில்லை. சில மணி நேரத்தில் அனைத்தும் முடிந்தது. நானும் மறுவாரமே திரைக்கு முன் அமர்ந்து இயங்கலை வகுப்பு நடத்தினேன். 'ஆசிரியை தேறிவிட்டார்' என்று என்னைப் பற்றியும் யாரேனும் பேசியிருக்கக்கூடும்.

ஆக, அந்தச் சிவப்பு வட்டம் அச்சிறுவனுக்காகப் போட்டது மட்டுமன்று. அந்த வரியைப் படித்தபோது எனக்குள் ஏதோ அசைந்தது. அது அசையக் கூடாது என்று நான் போட்டுக்கொண்ட வேலியும் அதுவே.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். அதன் பெயர் 'கிரிம் ஃபண்டாங்கோ'. டிம் ஷேஃபர் என்பவரின் தலைமையில் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்டது. அவர் பின்னர்த் தொடங்கிய டபுள் ஃபைன் நிறுவனம் 2015இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டது. முதலில் விசைப்பலகையால் ஆட வேண்டியிருந்த இவ்விளையாட்டைப் புதிய பதிப்பில் சுட்டியால் சொடுக்கியே ஆடலாம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வகையன்று. ஓர் அறைக்குள் நுழைகிறோம். பொருள்களைச் சொடுக்கிப் பார்க்கிறோம், எடுக்கிறோம், மனிதர்களோடு பேசுகிறோம். எந்தப் பொருளை எங்கே பயன்படுத்தினால் அடுத்த கதவு திறக்கும் என்பதைச் சிந்தித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நாவலுக்குள் புகுந்து நடப்பதைப் போன்றது.

கதைத் தலைவன் பெயர் மானுவேல் கலவேரா. கலவேரா என்றால் இசுபானிய மொழியில் மண்டையோடு. எல்லாரும் அவனைச் சுருக்கமாக மேனி என்றே அழைக்கிறார்கள். இதைக் கேட்ட அம்மா, "தோலும் இல்ல, சதையும் இல்ல, பேரு மட்டும் மேனியா?" என்றார். அவ்விளையாட்டை உருவாக்கியவர்களுக்கே தெரியாத நகைச்சுவை இது. தமிழருக்கு மட்டும் கிடைத்த கூடுதல் பரிசு.

மேனிக்கு நல்ல வாடிக்கையாளர்களே வருவதில்லை. உடன் பணிபுரியும் டோமினோ என்பவனுக்கே எல்லாரும் போகிறார்கள். மேனி ஒரு நாள் குறுக்கு வழியில் ஒரு வாடிக்கையாளரைத் தட்டிப் பறிக்கிறான். அவள் பெயர் மெர்செடிஸ். வாழ்நாளெல்லாம் நன்மையே செய்தவள். ஆயினும் அவளுக்கு இரயில் இல்லை என்கிறது அலுவலகக் கணினி. அவள் தனியே நடந்து போகிறாள். பிறகுதான் உண்மை தெரிகிறது. நல்லவர்களுக்கு உரிய பயணச்சீட்டுகளைத் திருடிப் பணக்காரர்களுக்கு விற்கும் கூட்டமொன்று அங்கே இயங்குகிறது. இறந்த பிறகும் இலஞ்சம்! மேனி அவளைத் தேடிப் புறப்படுகிறான். கதை நான்கு ஆண்டுகளில் நிகழ்கிறது. ஒவ்வொரு பகுதியும் ஓர் ஆண்டின் நவம்பர் 2ஆம் நாளில் நடக்கிறது.

அந்த நாளுக்குப் பொருள் உண்டு. மெக்சிகோ நாட்டு மக்கள் நவம்பர் முதல் இரு நாள்களில் இறந்தோர் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். இறந்தவர் படத்தை வைத்து, அவர் விரும்பி உண்டதைப் படைக்கிறார்கள். சர்க்கரையில் மண்டையோடு செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். எலும்புக்கூடுகளுக்குத் தொப்பியும் பாவாடையும் அணிவித்துச் சிரிக்கிறார்கள். அன்று அவர்கள் குவிக்கும் மலர் எது தெரியுமா? நாம் மாலை கட்டும் அதே செண்டிப்பூ. அது மெக்சிகோவில் இருந்து உலகெங்கும் பரவிய மலர். தீபாவளிக்கு முன்னாள் நம் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடும்போதும் அந்தப் பூ இருக்கிறது. அவ்வாண்டும் அப்பாவின் படத்துக்கு அதைத்தான் சாத்தியிருந்தோம். 'நல்ல நாளும் அதுவுமாக எலும்புக்கூடா' என்று கேட்ட அம்மாவிடம் இதை விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து விடுமுறை இரவுகளில் மூவருமாக ஆடினோம். சுட்டியைப் பிடிப்பவன் மகன். ஆங்கில உரையாடலை அம்மாவுக்குத் தமிழில் சொல்வது நான். கருத்துரைப்பது அம்மா.

இவ்விளையாட்டின் நகைச்சுவை இருண்டது. இதை அவல நகைச்சுவை எனலாம். இறந்தவர்களின் நாட்டிலும் சாவு உண்டு. ஒருவரைச் சுட்டால் குருதி வராது, எலும்பிலிருந்து செடி முளைத்துப் பூக்கும். அழகான காட்சி, ஆனால் அதைப் பார்த்து எல்லாரும் நடுங்குகிறார்கள். திருவிழாத் தெருவில் ஒரு கோமாளி ஊதற்பையை முறுக்கி உருவங்கள் செய்கிறான். பூனை செய்வான், காட்டு நாய் செய்வான், மூன்றாவதாகக் கேட்டால் இராபர்ட் ஃபிராஸ்ட் என்ற அமெரிக்கக் கவிஞரைச் செய்வான். ஏன் என்று கேட்கக் கூடாது. மேனியின் வண்டியோட்டி குளோட்டிஸ் என்னும் பெருத்த உருவம் கொண்ட பூதம். அவன் வண்டி ஓட்டுவதற்கென்றே படைக்கப்பட்டவன். வேலை போயிற்று என்ற துயரத்தில் தன் இதயத்தையே பிடுங்கி எறிந்துவிடுகிறான். அதைத் தேடி எடுத்து மீண்டும் பொருத்த வேண்டியது நம் பொறுப்பு. சிரித்துக்கொண்டேதான் தேடினோம். ஆனால் தேடாமல் இருக்க முடியவில்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது முதலில் நகையையும் அதற்கு அடுத்து அழுகையையும் வைக்கிறார். பயிற்சிக் கல்லூரியில் அதை மனனம் செய்து தேர்வில் எழுதியவள் நான். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் உணர்ந்தேன்.

குளோட்டிஸ் வரும்போதெல்லாம் அம்மா திரைக்கு அருகே சாய்ந்து உட்கார்வார். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். ஓர் இரவு, இரயிலைப் பற்றிய பேச்சு வந்தபோது அம்மா சொன்னார்:

"உங்க தாத்தாவுக்கு டிக்கெட்டு கெடச்சிருந்தாலும் ரயில்ல ஏறியிருக்க மாட்டாருப்பா. லோரியிலதான் வருவேன்னு அங்க நின்னு சண்ட போட்டுக்கிட்டு இருப்பாரு."

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா நிறுத்தவில்லை. அப்பா ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் நாற்காலிகளை அடுக்கி, காற்றாடிக்குப் பக்கத்தில் ஒன்றைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும் கதையைச் சொன்னார். "ஊருக்கெல்லாம் நாற்காலி போட்டாரு. அவருக்குப் போட ஆளில்ல" என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். அப்பா போய் மூன்று ஆண்டுகளுக்கும் மேலான பின், எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கூடாரம் போடப்பட்டது. மேசை மேல் முறுக்கும் காப்பியும் இருந்தன. சீட்டுக்கட்டு மட்டும்தான் இல்லை.

ஆசிரியர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்விளையாட்டில் தோல்வி என்பதே இல்லை. நேரக் கணக்கும் இல்லை. தவறான பொருளைத் தவறான இடத்தில் பயன்படுத்தினால், அது ஏன் பயன்படாது என்று மேனி வேடிக்கையாக ஏதேனும் சொல்வான், அவ்வளவே. ஓரிடத்தில் கூரை மேலிருக்கும் புறாக்களை விரட்டி முட்டைகளை எடுக்க வேண்டும். மூன்று நாள் தவித்தோம். இணையத்தில் விடையைத் தேடக் கூடாது என்று நான் ஆணையிட்டிருந்தேன். புறாக்களின் தட்டில் ஊதிய பையை வைத்து, அதன் மேல் ரொட்டியைத் தூவ வேண்டும். கொத்தும்போது பை வெடிக்கும், புறாக்கள் பறந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் தட்டில் நாங்கள் வைத்துப் பார்க்காத பொருளில்லை. சில புதிர்களுக்கு ஏரணமே கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருந்தும், தவறான ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு மறுமொழி கிடைத்ததால் நாங்கள் சலிக்கவில்லை.

என் மாணவன் எல்லாரும் போகும் வழியை விட்டு வேறொரு கதவைத் தட்டிப் பார்த்தான். அவனுக்கு நான் கொடுத்த மறுமொழி ஒரு வட்டமும் 'திருத்தி எழுதுக' என்ற கட்டளையும்.

முடிவை முழுமையாகச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான்கு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு மேனிக்கு அந்த இரயில் கிடைக்கிறது. ஆனால் குளோட்டிஸ் ஏற முடியாது. அது ஆன்மாக்களுக்கான இரயில். அவனோ அந்த மண்ணுக்கே உரிய பூதம். வழியெல்லாம் ஓட்டி வந்தவன் நிலையத்தில் நின்றுவிடுகிறான். அந்தக் காட்சியில் எனக்கு மேனியின் நினைவே வரவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் ஒரு கப்சாய் மோட்டார்தான் கண்முன் நின்றது.

பள்ளி திறந்தபோது கவின் ஆறாம் ஆண்டுக்குப் போயிருந்தான். வேறோர் ஆசிரியரின் வகுப்பு. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்தில் அவனை அழைத்து அமர வைத்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசியே பிழைக்கும் எனக்கு, அன்று முதல் சொல் வரவில்லை.

"போன வருசம் மோட்டார் சைக்கிள் கட்டுரை எழுதினியே, ஞாபகம் இருக்கா? அதுல டீச்சர் போட்ட வட்டம் தப்புப்பா. உன் கட்டுரையில தப்பு இல்ல. டீச்சர் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

அவன் என்னைப் பார்க்காமல் காலணியைப் பார்த்தான். "பரவாயில்ல டீச்சர்."

"அந்தப் புத்தகம் வீட்டுல இருக்கா?"

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டேன் டீச்சர்."

அதற்கு என்ன சொல்ல முடியும்? திருத்தி எழுதச் சொன்னவள் நான். கிழித்த பக்கத்தை ஒட்ட வைக்கும் புதிர் எந்த விளையாட்டிலும் இல்லை. அதில் இருந்தவற்றுள் எனக்கு நினைவிருப்பதை அவனிடம் சொன்னேன். திருடன் வந்தது, மூன்றாவது உதை, வழியில் பெட்ரோல் நிலையம் இல்லாதது. பெட்ரோல் நிலையம் என்றதும் அவன் வாயோரத்தில் சிரிப்பு வந்தது. ஒருவர் தன் கட்டுரையை இவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலும்.

"மோட்டார் இப்ப எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"மாமா ஓட்டுறாரு டீச்சர். அவருக்கு ஸ்டார்ட் பண்ணவே தெரியல. ரெண்டு உதை மெதுவா, மூணாவது பலமா. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

மணி அடித்தது. அவன் எழுந்து ஓடிவிட்டான்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவ்விளையாட்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியதன்று. புகைத்தலும் மதுவும் சூதாட்டமும் இதில் வருகின்றன. அமெரிக்காவில் இதைப் பதின்ம வயதினருக்கு உரியதாகவே தரப்படுத்தியுள்ளனர். ஆங்கிலமும் எளிதன்று. படிவம் மூன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளாயின், பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு நீங்களும் அமருங்கள். பாட்டி இருந்தால் அவரையும் அழையுங்கள். தனியாக ஆடினால் இது வெறும் விளையாட்டு. நாங்கள் மூவரும் ஆடாமல் இருந்திருந்தால், அப்பாவின் நாற்காலிக் கதை அம்மாவோடேயே நின்றிருக்கும்.

சக ஆசிரியர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. நான் செய்வதை மட்டும் சொல்கிறேன். இப்போதும் தன்கதை எழுதக் கொடுக்கிறேன். இப்போதும் எழுத்துப் பிழைக்கு வட்டமிடுகிறேன். வேறெதற்கும் வட்டமிடுமுன் பேனாவை மூடி வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து, 'இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லேன்' என்று கேட்கிறேன். பெரும்பாலும் 'சும்மாதான் டீச்சர்' என்ற பதிலே கிடைக்கிறது. எப்போதாவது ஒரு பிள்ளை நின்று பேசுகிறது. அன்று மற்றப் புத்தகங்களைத் திருத்தி முடிக்க நேரமாகிவிடுகிறது.

இவ்வாண்டு முதல் தன்கதைகள் குப்பைத்தொட்டியில் முடியக் கூடாது என்றும் ஒரு விதி வைத்தேன். சென்ற வாரம் ஒரு மாணவி 'நான் ஒரு குப்பைத்தொட்டி' என்று எழுதி வந்தாள். முழுப் புள்ளி கொடுத்துவிட்டேன்.